பொய்க் கூட்டத்தின் இரண்டாவது வேலை

லைக், ஃபாலோயர், வியூஸ் விற்கும் சந்தையை வெறும் பகட்டு வியாபாரம் என்று எண்ணியிருந்தோம். அதே கணக்குகள்தான் இப்போது நம் சேமிப்பைத் தேடி வருகின்றன.

தாய்லாந்தின் கிழக்கு எல்லை. தாண்டினால் கம்போடியா. அரண்யப்ரதேத் என்ற அந்த ஊரில் ஒரு வாடகை வீடு. 2017 ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை, அதற்குள் போலீஸ் நுழைகிறது. போனில் பேசிப் பணம் பறிக்கும் கும்பல் பதுங்கியிருக்கிறது என்பது சந்தேகம். உள்ளே பேச்சுச் சத்தமே இல்லை. இரும்பு ரேக்குகளில் அடுக்கடுக்காக நிமிர்த்தி வைத்த ஐபோன்கள். ஐந்நூறுக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஒவ்வொன்றின் பின்னாலும் வயர். கட்டுக்கட்டாக சிம் கார்டுகள், மொத்தம் 3,47,200. இத்தனைக்கும் நடுவே மனிதர்கள் மூன்றே பேர், சீனாவிலிருந்து வந்தவர்கள்.

சீனாவில் விற்கும் பொருட்களுக்கு வீசாட் செயலியில் லைக்கும் பார்வையும் ஏற்றுவதுதான் தங்கள் வேலை என்றார்கள் அவர்கள். தாய்லாந்தில் போன் கட்டணம் மலிவு என்பதால் கடை அங்கே. சம்பளம் மாதம் ஒன்றரை லட்சம் பாட் வரை. அவர்களைக் கைது செய்தது லைக் போட்டதற்காக அல்ல. அனுமதியின்றி வேலை செய்தது முதலான குற்றங்களுக்காக.

உலகம் அதை ஒரு வேடிக்கைச் செய்தியாகப் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியது. மூன்றரை லட்சம் சிம் கார்டு வைத்திருப்பவரால் லைக் மட்டும்தான் போட முடியுமா என்று அன்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

பதில் 2025 அக்டோபரில் லாட்வியாவில் கிடைத்தது. ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலின் துணையோடு நடந்த சோதனையில், பல சிம் கார்டுகளை ஒரே நேரத்தில் இயக்கும் 1,200 சிம் பெட்டிகளும், அவற்றில் ஓடிக்கொண்டிருந்த 40,000 சிம் கார்டுகளும் சிக்கின. 80-க்கும் மேற்பட்ட நாடுகளின் எண்களை அந்தக் கும்பல் வாடகைக்கு விட்டது. அவற்றை வைத்துத் திறக்கப்பட்ட போலிக் கணக்குகள் 4.9 கோடிக்கும் மேல். அந்தக் கணக்குகள் என்ன செய்தன? போலி முதலீட்டு ஆசை காட்டின. போலிக் கடை விரித்தன. ‘அம்மா, என் போன் தொலைந்துவிட்டது, இது புது நம்பர்’ என்று வாட்ஸ்அப்பில் பிள்ளைகளாக நடித்துப் பணம் கேட்டன. ஆஸ்திரியாவில் மட்டும் 1,700-க்கும் மேற்பட்ட மோசடி வழக்குகள் இந்தக் கும்பலோடு முடிச்சுப் போடப்பட்டன.

மாநாட்டுக்கு லாரியில் ஆள் ஏற்றுவதும் பிரியாணிப் பொட்டலம் கொடுப்பதும் நமக்குப் புதிதல்ல. அதனால்தானோ என்னவோ, காசு கொடுத்து லைக் வாங்குவதைக் கேட்டால் நமக்குக் கோபம் வருவதற்குப் பதிலாகச் சிரிப்பு வருகிறது. ஆனால், லாரியில் வந்தவர் கூட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவார். இணையத்தின் வாடகைக் கூட்டம் கலைவதில்லை. ஒரு நடிகரின் படத்துக்கு லைக் போட்டுவிட்டு, அடுத்த ஆர்டருக்குக் காத்திருக்கிறது. அடுத்த ஆர்டர் யாரிடமிருந்து வேண்டுமானாலும் வரலாம்.

ரீஃபில் உண்டு, ரசீது கிடையாது

இந்தச் சந்தையின் சில்லறைக் கடைக்கு ‘எஸ்.எம்.எம். பேனல்’ என்று பெயர். யு.பி.ஐ. வழியாகப் பணம் ஏற்றி, எந்தச் செயலி, என்ன வேண்டும், எத்தனை ஆயிரம் என்று தேர்வுசெய்து, பதிவின் லிங்க்கை ஒட்டினால் போதும். வந்த ஃபாலோயர்கள் உதிர்ந்தால் திரும்ப நிரப்பித் தருவது ‘ரீஃபில்’. உதிராத உயர்ந்த ரகம் ‘நான் டிராப்’. ஒரே ராத்திரியில் பத்தாயிரம் ஏறினால் சந்தேகம் வருமல்லவா? அதற்காகப் பல நாட்களில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது ‘டிரிப் ஃபீட்’. இந்தியப் பெயர்கள் வேண்டுமென்றால் ஒரு விலை, கமென்ட்டின் வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுத்தால் இன்னொரு விலை.

பேனல் நடத்துபவர் பெரும்பாலும் எதையும் உற்பத்தி செய்வதில்லை. மேலே இருக்கும் பெரிய பேனலிடம் வாங்கி, விலை கூட்டி விற்கிறார். அந்தப் பெரியவர் இன்னும் பெரியவரிடம் வாங்குகிறார். தான் விற்கும் கணக்குகள் எந்த நாட்டில், யார் பெயரில், எப்படித் திறக்கப்பட்டவை என்பது கடைசியில் நிற்கும் வியாபாரிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் மெனக்கெடுவதும் இல்லை.

சரக்கில் முதல் வகை, மென்பொருள் இயக்கும் பாட் கணக்குகள். இரண்டாவது, மனித விரல்கள். டாக்காவில் இப்படி இயங்கிய ‘கிளிக் ஃபார்ம்’ கூடங்களை 2013-ல் பிரிட்டிஷ் ஊடகங்கள் அம்பலப்படுத்தின. ஆயிரம் ஃபேஸ்புக் லைக் 15 டாலருக்கு விற்கப்பட்டபோது, விடிய விடிய கிளிக் செய்த தொழிலாளிகள் சிலருக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 120 டாலர்.

மூன்றாவது வகையைத்தான் நம் வீட்டுப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். ‘இலவச ஃபாலோயர்’ தருவதாகச் சொல்லும் செயலிகள் இன்ஸ்டாகிராம் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்கும். கொடுத்ததும் சில நூறு ஃபாலோயர்கள் வரத்தான் செய்வார்கள். அதற்கு விலையாக, கொடுத்தவரின் கணக்கு அவருக்கே தெரியாமல் முகம் தெரியாத யார் யாருக்கோ லைக் போட்டுக்கொண்டிருக்கும். வாங்க வந்தவரே சரக்காகிவிடுகிறார். 2018 நவம்பரில், இப்படிப்பட்ட செயலிகள் வழியாக விழுந்த லைக்குகளை நீக்கப்போவதாக இன்ஸ்டாகிராம் அறிவித்தது. செயலிகளோ பெயர் மாற்றிக்கொண்டு இன்றும் வந்துகொண்டிருக்கின்றன.

> 300-க்கு என்ன கிடைக்கும்?
>
> லாட்வியத் தலைநகர் ரீகாவில் உள்ள நேட்டோ தகவல் உத்தி மையத்தின் ஆய்வாளர்கள் 2019-ல் 300 யூரோ செலவழித்து, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ட்விட்டர், யூடியூப் நான்கிலும் சரக்கு வாங்கிப் பார்த்தார்கள்.
>
> கிடைத்தவை: 3,530 கமென்ட், 25,750 லைக், 20,000 வியூஸ், 5,100 ஃபாலோயர்.
>
> நான்கு வாரம் கழித்தும் ஐந்தில் நான்கு பங்கு அப்படியே இருந்தது. சில கணக்குகளை அவர்களே நிறுவனங்களிடம் புகார் செய்தார்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், புகார் செய்தவற்றில் 95 சதவிகிதத்துக்கும் மேல் இயங்கிக்கொண்டிருந்தன.
>
> அடுத்த ஆண்டு, இரண்டு அமெரிக்க செனட்டர்களின் ஒப்புதலோடு அவர்களுடைய பதிவுகளுக்கும் வாங்கினார்கள். எல்லாவற்றுக்குமாக 300 யூரோவுக்கு வந்து குவிந்த லைக், வியூஸ் முதலானவை 3,37,768.

ஓர் எழுத்து மாறிய முகம்

டெவ்யூமி என்ற அமெரிக்க நிறுவனத்தைப் பற்றி 2018 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட புலனாய்வுதான் இந்தச் சந்தையின் உள்முகத்தை விரிவாகக் காட்டியது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள், விற்றது சுமார் 20 கோடி ட்விட்டர் ஃபாலோயர்கள். கையிருப்பில் இருந்ததோ குறைந்தது 35 லட்சம் தானியங்கிக் கணக்குகள்தான். அதையே திரும்பத் திரும்ப விற்றிருக்கிறார்கள். வாங்கியவர்களில் நடிகர்கள், விளையாட்டு வீரர்கள், இசைக் கலைஞர்கள், எழுத்தாளர்கள், மேடைப் பேச்சாளர்கள் எல்லாரும் உண்டு.

இந்த எண்களைவிட முக்கியமானது, அந்தக் கணக்குகளில் குறைந்தது 55,000 நிஜ மனிதர்களின் பெயர், படம், ஊர் ஆகியவற்றைத் திருடிச் செய்யப்பட்டவை என்பது. மின்னசோட்டா மாநிலத்து டீன் ஏஜ் பெண் ஒருவரின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, அவருடைய படத்தையே வைத்து ஒரு கணக்கு ஓடியது. அது கனடா நாட்டு மனைத் தொழில் முதலீட்டை விளம்பரம் செய்தது, கிரிப்டோ கரன்சியைப் பரிந்துரைத்தது, கானா நாட்டு வானொலி ஒன்றைப் புகழ்ந்தது, ஆபாசப் பதிவுகளையும் பகிர்ந்தது. ஒரே முகத்துக்கு இத்தனை வேலை. பள்ளி வயதுப் பெண்ணின் சிரித்த முகம் ஆபாசப் பதிவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதை ‘சும்மா ஒரு ஃபாலோயர்தானே’ என்று தள்ளிவிட முடியுமா?

2019-ல் நியூயார்க் மாகாணத்தின் தலைமைச் சட்ட அதிகாரி, போலி ஃபாலோயர் விற்பது சட்டவிரோத ஏமாற்று என்று டெவ்யூமி விஷயத்தில் முடிவுக்கு வந்தார். அதே ஆண்டு அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் அதன் தலைவருக்கு 25 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. இரண்டரை லட்சம் கட்டினால் மிச்சம் நிறுத்திவைக்கப்படும் என்பது ஏற்பாடு. இருபது கோடி பொய்க்கு இது மலிவான தண்டனை.

நம் பக்கத்துக் கதையும் முகத் திருட்டில்தான் ஆரம்பிக்கிறது. 2020-ல் பாடகி பூமி திரிவேதி தன் பெயரில் இன்னொரு இன்ஸ்டாகிராம் கணக்கு இருப்பதைக் கண்டு புகார் கொடுத்தார். மும்பை குற்றப்பிரிவு அதைத் துருவிக்கொண்டு போனபோது ஃபாலோயர் விற்கும் இணையதளம் ஒன்று வெளிப்பட்டது. கைதானவர் 176 கணக்குகளுக்கு ஐந்து லட்சத்துக்கும் மேல் போலி ஃபாலோயர்களை உருவாக்கித் தந்ததாகப் போலீஸ் சொன்னது. பிரபலங்களின் பெயர்கள் சில நாள் டி.வி.யில் அடிபட்டன. பிறகு செய்தி அடங்கிவிட்டது, சந்தை அடங்கவில்லை.

யார் வீட்டுக் காசு?

சூரத்திலோ ஈரோட்டிலோ ஒரு சிறிய ஜவுளி வியாபாரி. பெரிய நிறுவனங்களோடு டி.வி. விளம்பரத்தில் மோத முடியாது என்பதால், இரண்டு லட்சம் ஃபாலோயர் வைத்திருக்கும் ஓர் இன்ஸ்டாகிராம் பிரபலத்திடம் ‘கொலாப்’ பேசுகிறார். அந்த இரண்டு லட்சத்தில் பாதி பேனலில் வாங்கியது என்றால், விளம்பரக் காசில் பாதி புடவை கட்டாத பாட்களுக்குப் போகிறது. காசு கொடுக்கும் முன் அவர் பார்க்கவேண்டியது ஃபாலோயர் எண்ணிக்கையை அல்ல. லட்சக்கணக்கில் ஃபாலோயர் இருந்தும் பதிவுக்கு நூறு லைக் தாண்டவில்லையா, கமென்ட் எல்லாம் ஒரே மாதிரி இதயக் குறியும் ‘நைஸ் பிக்’குமாக இருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும்.

இசையில் இது அப்பட்டமான திருட்டு. பெரும்பாலான ஸ்ட்ரீமிங் தளங்கள் சந்தா, விளம்பர வருமானத்தை ஒன்றாகத் திரட்டி, மொத்தம் எத்தனை முறை கேட்கப்பட்டது என்பதில் அவரவர் பங்குக்கு ஏற்பப் பிரித்துத் தருகின்றன. அங்கே ஒரு பாட் பாட்டுக் கேட்டால், அதற்கான காசு நிஜமாகவே கேட்கப்பட்ட இன்னொரு கலைஞரின் பங்கிலிருந்து போகிறது. பிரான்ஸ் அரசு சார்ந்த தேசிய இசை மையம் நடத்திய ஆய்வில், 2021-ல் அந்த நாட்டில் மட்டும் 100 கோடி முதல் 300 கோடி வரை போலிக் கேட்புகள் கண்டறியப்பட்டன. 2024 செப்டம்பரில் அமெரிக்க அரசுத் தரப்பு ஒருவர் மீது குற்றம் சாட்டியது: செயற்கை நுண்ணறிவால் லட்சக்கணக்கில் பாடல்கள் உருவாக்கி, அவற்றைப் பாட்களையே கேட்கவைத்து, ஒரு கோடி டாலருக்கு மேல் ராயல்டி வாங்கினார் என்று. பாடியவரும் இல்லை, கேட்டவரும் இல்லை. பணம் மட்டும் நிஜம்.

சினிமாவில் ‘24 மணி நேரத்தில் இத்தனை கோடி வியூஸ்’ என்ற போஸ்டரை இன்னமும் நாம் மதிக்கிறோம். 2019 ஜூலையில் ஒரு இந்தி ராப் பாடல் ஒரே நாளில் 7.5 கோடி பார்வை என்று முழங்கியபோது யூடியூபே அந்தச் சாதனையை அறிவிக்கவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில், காசு கொடுத்த விளம்பரத்தால் வரும் பார்வைகளை முதல் நாள் சாதனைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று விதியை மாற்றியது.

‘லைக் போட்டால் 50 ரூபாய்’

இதுவரை சொன்னதில் ஏமாந்தவர்கள் பெரும்பாலும் தொழில் செய்பவர்கள். இனி வருவது நம் தெரு.

தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப் செய்தி. வீட்டிலிருந்தே பார்ட் டைம் வேலை. ஒரு யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினால் 50 ரூபாய். சந்தேகத்தோடு மூன்று லைக் போட்டால், 150 ரூபாய் நிஜமாகவே கணக்கில் விழுகிறது. அந்த 150 ரூபாய்தான் தூண்டில் புழு.

அடுத்து டெலிகிராம் குழு. உள்ளே நூற்றுக்கணக்கானவர்கள். ‘இன்று எனக்கு 18,000 வந்தது’, ‘மேடம், நன்றி’ என்று ஸ்க்ரீன்ஷாட்டுகள் விழுந்துகொண்டே இருக்கும். பிறகு ‘ப்ரீபெய்டு டாஸ்க்’: ஆயிரம் கட்டினால் 1,300 திரும்பும். முதல் முறை திரும்பும். அப்புறம் பத்தாயிரம், ஐம்பதாயிரம். லாபம் ஒரு செயலியின் திரையில் லட்சங்களாக ஏறிக்கொண்டிருக்கும், எடுக்கத்தான் முடியாது. எடுக்க வேண்டுமென்றால் வரி கட்டு, டாஸ்க்கைத் தவறாகச் செய்தாய், அபராதம் கட்டு என்று நகையை அடகு வைக்கும்வரை கறப்பார்கள். கட்டிய பணம் வாடகைக்கு எடுத்த யார் யாருடைய வங்கிக் கணக்குகளிலோ தாவி, கிரிப்டோவாகி நாட்டைவிட்டுப் போய்விடும்.

இங்கே உள்ள குரூரத்தைப் பாருங்கள். பொய் லைக் விற்றுச் சம்பாதிக்கிறோம் என்று நினைத்து உள்ளே வந்தவரை வீழ்த்துவது, காசுக்கு வாங்கிய இன்னொரு பொய்க் கூட்டம். குழுவில் நன்றி சொன்னவர்களில் பெரும்பாலோர் போலிக் கணக்குகள். ஏமாறுகிறவர்கள் பேராசைக்காரர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். 2023 டிசம்பரில், இந்த வகை மோசடியில் ஈடுபட்ட 100-க்கும் மேற்பட்ட இணையதளங்களை மத்திய அரசு முடக்கியபோது உள்துறை அமைச்சகம் குறிவைக்கப்பட்டவர்களின் பட்டியலையும் சொன்னது: பணி ஓய்வு பெற்றவர்கள், பெண்கள், வேலையில்லாத இளைஞர்கள். ஒரு சின்ன வருமானம் தேவைப்படுகிறவர்கள் இவர்கள்.

அந்தப் பக்கம் உட்கார்ந்து இந்தச் செய்திகளைத் தட்டுகிறவரும் சுதந்திர மனிதராக இருக்க வேண்டியதில்லை. இணைய மோசடி வேலையில் கட்டாயப்படுத்தி வைக்கப்பட்டிருப்பவர்கள் மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேர் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-ல் மதிப்பிட்டது. ‘டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்’ என்ற பெயரில் தாய்லாந்து வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவதியில் சிக்கி, 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து இறங்கியவர்களில் தமிழக இளைஞர்களும் இருந்தார்கள். ஏமாற்ற மறுத்தால் அங்கே அடி, ஷாக் என்று திரும்பி வந்தவர்கள் சொன்னதைக் கேட்டோம்.

வாக்குச் சீட்டுக்கு முன்னால்

இதே போன்ற பொய்க் கூட்டம் அரசியலிலும் வேலை செய்கிறது. ஃபேஸ்புக்கில் போலி ஈடுபாட்டைக் கண்டுபிடிக்கும் குழுவில் வேலை பார்த்தவர் சோஃபி ஜாங். ஹோண்டுராஸ் நாட்டு அதிபராக இருந்த ஹுவான் ஒர்லாண்டோ ஹெர்னாண்டஸின் பதிவுகளுக்கு 2018-ல் ஆறு வாரங்களில் லைக் போட்ட 59,100 கணக்குகளில் 46,500 மனிதர்களே அல்ல என்று கண்டுபிடித்தார். நிறுவனம் அதைத் துடைத்தெடுக்க ஏறக்குறைய ஒரு வருடம் எடுத்துக்கொண்டது.

2020 டெல்லி தேர்தலை ஒட்டி அவர் கண்டுபிடித்த போலி வலைகள் எந்த ஒரு கட்சிக்கும் சொந்தமல்ல. பா.ஜ.க., காங்கிரஸ், ஆம் ஆத்மி மூன்றுக்கும் ஆதரவாக இருந்தன. மற்றவை நீக்கப்பட, ஓர் எம்.பி.யோடு நேரடித் தொடர்புடையதாகத் தெரிந்த வலை மட்டும் தப்பியது என்று 2021-ல் வெளிப்படையாகச் சொன்னார். ஃபேஸ்புக் அதை மறுத்தது. அவரை 2020 செப்டம்பரிலேயே வேலையைவிட்டு நீக்கியிருந்தது.

> துடைத்தபோது உதிர்ந்தவை
>
> 2014 டிசம்பர்: இன்ஸ்டாகிராமின் சொந்தக் கணக்கே 1.89 கோடி ஃபாலோயர்களை இழந்தது.
>
> 2018 ஜூலை: ட்விட்டரின் சொந்தக் கணக்கு 77 லட்சத்தை இழந்தது.
>
> 2019, முதல் மூன்று மாதம்: ஃபேஸ்புக் முடக்கிய போலிக் கணக்குகள் சுமார் 219 கோடி.

இவ்வளவு துடைக்க முடிந்தவர்களுக்கு, 300 யூரோ கொடுத்து வாங்கிய சரக்கு மட்டும் ஏன் கண்ணில் படவில்லை? மாதம் எத்தனை கோடிப் பேர் வருகிறார்கள் என்ற எண்தான் விளம்பரதாரர் முன்னும் பங்குச் சந்தை முன்னும் இந்த நிறுவனங்கள் நீட்டும் முகவரி அட்டை. 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்க ஒப்பந்தம் போட்ட எலான் மஸ்க்கே, 2022-ல் பின்வாங்கப் பார்த்தபோது சொன்ன காரணம் போலிக் கணக்குகளின் எண்ணிக்கைதான். பொய்யைக் குறைப்பவர் தன் கடையின் கூட்டத்தையே குறைத்துக் காட்ட வேண்டும். அவராகவே மனமுவந்து செய்வார் என்று காத்திருப்பது வீண்.

சட்டம் எங்கே நிற்கிறது?

போலி ஃபாலோயர், போலி வியூஸ் ஆகியவற்றை வியாபார நோக்கில் தெரிந்தே விற்பதையும் வாங்குவதையும் அமெரிக்க வர்த்தக ஆணையம் நேரடியாகத் தடை செய்தது. 2024 அக்டோபர் 21 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. நடைமுறைக்கு வந்தபோது ஒரு மீறலுக்கு 51,744 டாலர் வரை அபராதம் என்று இருந்தது. விற்பவரோடு வாங்குபவரையும் சேர்த்துப் பிடித்ததுதான் அதன் பலம்.

நம்மிடம் இருப்பவை சுற்றுவழிகள். ஆள்மாறாட்ட மோசடிக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி, அடையாளத் திருட்டுக்கு 66-சி, இரண்டிலும் மூன்றாண்டு வரை சிறை. மோசடியாக சிம் கார்டு வாங்கினால் 2023-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இணைய விமர்சனங்களுக்கென 2022-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் கொண்டுவந்த ஐ.எஸ். 19000 விரும்பினால் பின்பற்றலாம் என்ற ரகம். ‘பொய் லைக் விற்பது குற்றம்’ என்று பெயர் சொல்லும் சட்டப் பிரிவு ஒன்றுகூட இல்லை. அதனால்தான் யு.பி.ஐ. கியூ.ஆர். கோடைத் திரையில் காட்டியபடி பேனல்கள் பட்டப்பகலில் கடை நடத்துகின்றன. அமெரிக்க விதியின் பாணியில் விற்பவர், வாங்குபவர் இருவரையும் பிடிக்கும் பிரிவு வேண்டும்; புகார் வந்த கணக்கைக் குறித்த காலத்துக்குள் நீக்காத நிறுவனத்துக்கும் அபராதம் வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பவை சில. ‘இலவச ஃபாலோயர்’ செயலியில் எப்போதாவது பாஸ்வேர்டு கொடுத்திருந்தால் இன்றே மாற்றிவிட்டு, வேறு எந்தெந்தக் கருவிகளில் உங்கள் கணக்கு திறந்திருக்கிறது என்று பார்த்து வெளியேற்றுங்கள். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் கார்டு ஓடுகிறது என்று பார்க்கலாம். உங்களுடையது அல்லாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். வேலை தருகிறேன் என்பவர் உங்களிடம் பணம் கேட்டால் அது வேலை அல்ல. ஏற்கெனவே பணம் போயிருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் அது திரும்பக் கிடைக்க வழியுண்டு.